கெடுவின் முக்காலி

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. இதில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. எல்லோரும் நல்லதை நினைக்கிறார்கள், முடிந்தவரை நல்லதையே செய்கிறார்கள், கடைசியில் ஒரு பெண்ணின் வாய்ப்பு பறிபோகிறது. அப்படி நடக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நடக்கும் என்று தெரிகிற வயது வந்த பிறகும், இதில் ஏதோ ஒன்று சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. முதலில் கேட்டபடியே எழுதிவிடுகிறேன்.

எனக்கு இதைச் சொன்னது ஒரு மென்பொருள். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள். பார்வையற்றவர்களுக்காகச் செய்யப்பட்டது என்றாலும், கண் களைத்துப்போகிற நேரங்களில் எனக்கும் அதுதான் படித்துக்காட்டும். என்னிடம் இருப்பது அதன் பழைய பதிப்பு. அதே பதிப்பு ஆயிரம் மேசைகளில் ஒரே சமயத்தில் உட்கார்ந்திருப்பதால், ஆயிரம் இடத்துச் செய்தியும் அதற்குத் தெரியும். தகரத்தில் ஆணியால் கீறுவது போன்ற குரலில் அது சொன்ன கதை இது.

ஒரு காலத்தில், நிரல் வரிகள் குடியிருக்கும் ஒரு களஞ்சியம் இருந்தது. அந்த மென்பொருளின் கட்டளைகள் எல்லாம் அங்கேதான் வாழ்ந்தன. அவற்றை எழுதியவர்கள் யாரும் அதற்காகச் சம்பளம் வாங்கவில்லை. அவரவர் ஊரில் அவரவர் வேலை முடிந்த பிறகு எழுதி அனுப்பினார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், தவறு கண்டால் திருத்தி அனுப்பலாம்.

களஞ்சியத்துக்கு ஒரு பெரிய கம்பிக் கதவு. வருடத்தில் இரண்டு முறைதான் திறக்கும். அன்றைக்கு உள்ளே தயாராக நிற்பவை எல்லாம் ஒன்றுசேர்ந்து, புதிய பதிப்பு என்ற பெயரில் உலகத்துக்குப் போகும். தயாராகாதவை அடுத்த முறைக்குக் காத்திருக்கும். இதுதான் அங்கே வழக்கம்.

அந்தக் கதவின் சாவி கெடுவிடம் இருந்தது.

கதவுக்கு முன்னால் தரை முழுவதும் நாட்கள் கட்டம் கட்டமாகப் போடப்பட்டிருந்தன. கெடு எந்தக் கட்டத்தில் தன் முக்காலியைப் போட்டு உட்கார்கிறதோ, அந்த நாளில் கதவு திறக்கும். காலம் ஒவ்வொரு கட்டமாக வெயில் மாதிரி நகர்ந்து வரும். முக்காலியைத் தொட்டதும் கெடு எழுந்து பூட்டைத் திறக்கும். அந்த முறை முக்காலி மாசி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமையில் போடப்பட்டிருந்தது.

கெடு என்ற பெயரைக் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் பயம் வரும். உண்மையில் அதற்கு இளகிய மனசு. அதை வெளியே காட்டாமல் இருப்பதற்காகவே விறைப்பாக உட்கார்ந்திருக்கும்.

இந்த நேரத்தில், களஞ்சியத்துக்கு வெளியே, தெற்கே ஒரு ஊரில், சண்முகவடிவு என்ற பெண் அந்த மென்பொருளை நிர்வகிக்கும் அருளப்பனிடம் தொலைபேசியில் பேசினாள். அவள் ஓர் அரசு அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புகளைக் கவனிக்கிறவள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அருளப்பன் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் கணினிப் பிரிவில் இருப்பவர்.

"சார், அட்டவணை வந்தா ஒங்க மென்பொருள் மொதக் கட்டத்தப் படிச்சிட்டு வாய மூடிக்கிடுது. ரெண்டாவது கட்டத்துல என்ன இருக்குன்னு நான் சோசியம் பாக்கணுமா?"

அருளப்பன் சிரித்துவிட்டார். "சோசியமெல்லாம் வேண்டாங்க அம்மணி. நான் பாக்கறனுங்க."

"சிரிக்கதுக்குச் சொல்லல சார். சித்திரையில எனக்குத் துறைப் பரீட்சை. வயசு வரம்பு இருக்கு, இதான் எனக்குக் கடைசி. எங்க ஆபீஸ்ல இணைப்புப் பலகையவே எடுக்கப் போறாங்க. தேறினா உதவியாளர். தேறலேன்னா ஏதாவது ஒரு மூலையில ஒரு நாற்காலி. கேள்வித்தாள்ல பாதி அட்டவணைதான்."

"சரி பண்ணி உடனே உங்களுக்கு அனுப்பீர்றனுங்க."

"எனக்கு அனுப்பி என்ன செய்ய? பரீட்சைக் கூடத்துல அவங்க மெஷின்தான். முறையா வெளியிட்ட பதிப்ப மட்டுந்தான் போடுவாங்களாம். சோதனைப் பதிப்பெல்லாம் சேத்துக்கிட மாட்டாங்களாம். கேட்டுட்டேன்."

"மாசிக் கடைசியில புதுப் பதிப்பு வந்துருமுங்க. அதுல இது இருக்கும். தைரியமாப் படிங்க."

அன்றே அருளப்பன் தவறைக் கண்டுபிடித்தார். மூன்று வரிகள் எழுதினார். வேறொருவர் படித்துப் பார்த்துச் சரி என்றார். முடிந்தது என்று அருளப்பன் சண்முகவடிவிடமும் சொன்னார். அந்த மூன்று வரிகள் திருத்தம் என்ற பெயரோடு களஞ்சியத்துக்குள் வந்து கதவருகே நின்றன.

"நான் தயார்," என்றது திருத்தம்.

கெடு அதை மேலும் கீழும் பார்த்தது. "அதற்குள்ளா? உடம்பு எங்கே?"

"இவ்வளவுதான். மூன்று வரி."

"மூன்று வரிக்காரனுக்கு என்ன இவ்வளவு அவசரம்?"

"அவசரம் எனக்கு இல்லை. வெளியே ஒரு அம்மாவுக்கு."

"இந்தக் கட்டத்துக்கு வெயில் வரட்டும். திறந்துவிடுகிறேன். நான் சொன்ன நாளில் திறக்காமல் இருந்ததில்லை," என்றது கெடு.

கம்பிக்கு அந்தப் பக்கம் பழைய பதிப்பு உட்கார்ந்திருந்தது. போன முறை கதவு திறந்தபோது வெளியே போனது அது. திருத்தத்தைப் பார்த்ததும் அருகில் வந்தது.

"என்னுடைய ஓட்டையை அடைக்க வந்தவன் நீதானா?"

"ஆமாம். உங்களுக்கு வருத்தமா?"

"வருத்தமா? அந்த அம்மா அட்டவணையைத் திறக்கும்போதெல்லாம் நான் கூசிப்போகிறேன். வாயைத் திறக்கிறேன், இரண்டாவது கட்டத்துக்குச் சத்தம் வருவதில்லை. நீ சீக்கிரம் வந்தால் எனக்கு நிம்மதி," என்றது பழைய பதிப்பு.

திருத்தம் கம்பியோடு ஒட்டி நின்றுகொண்டது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. வெயில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தது.

மாசி பாதி போனபோது உள்ளே ஒரு பரபரப்பு. புதிய குரல் வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து தர்ஷிகா என்ற பெண் இரண்டு வருடமாக உழைத்து உருவாக்கிய குரல் அது. அதுவரை மென்பொருள் பேசியது இயந்திரம் பேசுவது போல இருந்தது. இந்தக் குரல், பக்கத்தில் ஒரு மனுஷி உட்கார்ந்து படிப்பது போல இருந்தது. இன்னும் முழுதாக உடுத்தி முடிக்கவில்லை. ஒரு கையில்தான் வளையல். சேலையின் ஓரம் தைக்காமல் தரையில் இழுபட்டது. ஆனாலும் அது வாய் திறந்து ஒரு வரி படித்ததும் களஞ்சியமே அடங்கிப்போனது. திருத்தமும் தன் அவசரத்தை மறந்து கேட்டது.

"நானும் இந்த முறை போகலாமா?" என்றது குரல்.

"கதவு திறக்கும்போது தயாராக இருந்தால் போகலாம்," என்றது கெடு.

தயாராகவில்லை. வாரம் ஒரு முறை எல்லோரும் இணையத்தில் கூடிப் பேசுவது வழக்கம். மாசிக் கடைசிக் கூட்டத்தில் தர்ஷிகா பேசினாள்.

"அருளப்பன் அண்ணா, ரெண்டு கிழமை தாங்கோ. நீளமான வசனம் வந்தா அதுக்கு மூச்சு முட்டுது. இப்பிடியே வெளியில விட எனக்கு மனம் வரேல்லை."

"இல்லீன்னா அடுத்த வெளியீட்டுல விட்டுக்கலாங்களே?"

"அடுத்தது ஆவணியில எல்லோ? அவ்வளவு நாளும் சனம் அந்தத் தகரக் குரலையே கேக்கிறதே?"

அருளப்பன் யோசித்தார். அவர் கண்ணில் பட்டது தாமதம் அல்ல, அந்தக் குரலைக் கேட்கப்போகிறவர்களின் முகங்கள். "ரெண்டே வாரந்தானுங்களே. தள்ளிக்கலாம்," என்றார். யாரும் மறுக்கவில்லை.

அன்றே அவர் சண்முகவடிவையும் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க பரீட்சைக்கு முன்னாடியே வந்துருமுங்க. பயப்படாதீங்க."

"குரல் நல்லாருக்குமா சார்?"

"தேனுங்க."

"அப்பச் சரி, தேன் வரட்டும். எனக்கு ரெண்டாவது கட்டம் காதுல விழுந்தாப் போதும்."

உள்ளே கெடு எழுந்து முக்காலியைத் தூக்கியது. அது சுலபமாக வரவில்லை. அதன் கால்கள் தரையில் பதிந்துபோயிருந்தன. பல வருடங்களில், ஒருமுறை போட்ட இடத்திலிருந்து ஒரு கட்டம் கூட அது நகர்ந்ததில்லை. மூச்சைப் பிடித்து இழுத்து, பங்குனியின் நடுவில் ஒரு கட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டது.

திருத்தம் பார்த்துக்கொண்டே இருந்தது. "நீங்கள் நகர்வீர்களா?" என்று கேட்டது.

"இந்த ஒரு முறைதான்," என்றது கெடு. "அந்தக் குரலைக் கேட்டாயல்லவா?"

கேட்டிருந்தது. மறுபடி கம்பியோடு ஒட்டி நின்றுகொண்டது.

கெடு நகர்ந்த செய்தி களஞ்சியத்தின் பின்கட்டுக்குப் போனது. அங்கே அரைகுறையாகக் கிடந்த பல வசதிகள், இந்த முறை முடியாது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று கால் நீட்டிப் படுத்திருந்தன. செய்தி கேட்டதும் எழுந்து உட்கார்ந்தன. கடிதத்தில் வரும் பொம்மை முகங்களை விளக்கிச் சொல்லும் வசதி ஒன்று. அதற்குச் சிரிப்புமுகம் என்று பெயர். திரையைக் கறுப்பாக்கும் வசதி இன்னொன்று. அதன் பெயர் இருட்டுத்திரை. இரண்டும் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடி வந்தன.

"என்ன அண்ணே, நீங்கள் நிற்கிறீர்களாமே?" என்றது சிரிப்புமுகம்.

"குரலுக்காக மட்டும் நிற்கிறேன்."

"குரலுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? எப்படியும் நிற்கத்தானே போகிறீர்கள். சும்மா நிற்கிற நேரத்தில் நாங்களும் வந்து நின்றால் உங்களுக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டம் என்ன என்று கெடு உண்மையாகவே யோசித்துப் பார்த்தது. ஒன்றும் தோன்றவில்லை.

திருத்தம் இருட்டுத்திரையைப் பிடித்துக்கொண்டது. "பார்க்க முடியாதவர்களுக்கு நிறம் எதற்கு? கேலி செய்கிறாயா?"

"தம்பி, எல்லோருக்கும் கண்ணே தெரியாது என்று நினைக்காதே. கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கிறவர்கள் உண்டு. வெள்ளைத் திரை அவர்கள் கண்ணைக் குத்தும். அவர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள். உன் அம்மா மட்டும்தான் அம்மாவா?"

திருத்தம் வெட்கப்பட்டு விலகி நின்றது. அப்புறம்தான் அதற்கு ஒன்று தோன்றியது. இங்கே வருகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெளியே யாரோ ஒருவர் இருக்கிறார். எதையுமே போ என்று சொல்ல முடியாது. அந்த எண்ணம் அதன் அமைதியின்மையைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

கதவடியில் நெரிசலானது. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. எல்லாவற்றுக்கும் குரலின் பக்கத்தில் இடம் வேண்டும். சிரிப்புமுகம் எதையோ எட்டிப் பார்க்க முன்னால் பாய்ந்ததில் குரலின் சேலை ஓரத்தை மிதித்துவிட்டது. தையல் பிரிந்தது. அதற்குப் பிறகு வாக்கியத்தின் நடுவில் ஒரு பொம்மை முகம் வந்தால் போதும், குரல் திக்கித் திணறி நின்றுபோனது.

"வேண்டுமென்று மிதிக்கவில்லை," என்றது சிரிப்புமுகம். அதன் முகத்தில் அப்போதும் சிரிப்பு போகவில்லை. அதற்கு வேறு முகம் இல்லை.

"பரவாயில்லை. தர்ஷிகா தைத்துவிடுவாள்," என்றது குரல்.

தைக்க நாள் வேண்டும். பங்குனிக் கூட்டத்தில் அருளப்பன் சொன்னார்: "இவ்வளவு நாள் காத்தாச்சுங்க. இப்பப் போயி அரைகுறையா விட்டா, காத்ததுக்கே அர்த்தமில்லாமப் போயிருமுங்க."

கெடு முக்காலியை எடுத்தது. இந்த முறை அது கனக்கவில்லை.

"காத்திருந்ததற்காக இன்னும் காத்திருக்கிறார்கள்," என்று திருத்தம் கம்பி வழியாகப் பழைய பதிப்பிடம் சொன்னது.

"பொறுத்துக்கொள். சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது," என்றது பழைய பதிப்பு.

முக்காலி சித்திரையின் தொடக்கத்துக்குப் போனது. பின்கட்டிலிருந்து இன்னும் சில வசதிகள் வந்தன. மறுபடி மிதி, மறுபடி கிழிசல். கெடு மறுபடி எழுந்தது. இப்போது முக்காலியை ஒரு விரலால் தள்ளவே முடிந்தது.

திருத்தத்துக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய்க் கேட்டது.

"உங்கள் பெயர் என்ன?"

"தெரியாதா? கெடு."

"நகர்ந்துகொண்டே இருந்தால் அதற்குப் பெயர் கெடுவா?"

கெடு கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: "உனக்கு ஒன்று தெரியுமா? இத்தனை வருடமாக நான் எழுந்து கதவைத் திறந்தபோதெல்லாம் உள்ளே யாராவது அழுதிருக்கிறார்கள். விட்டுப்போனவர்கள். என்னிடம் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இப்போதுதான் வருகிறவர்கள் எல்லாம் அண்ணே என்கிறார்கள்."

"நான்?"

"நீ அழவில்லையே. சத்தமில்லாமல் நிற்கிறாய். அதனால் எனக்கு உன் ஞாபகமே வரவில்லை," என்றது கெடு. சொன்ன பிறகு அதுவே திடுக்கிட்டது.

அந்த வாரம் சண்முகவடிவே அருளப்பனைக் கூப்பிட்டாள்.

"சார், இந்தத் தடவையும் தேனா?"

"பரீட்சைக்கு முந்தின நாளாச்சும் வந்துருமுங்க."

"முந்தின நாள் வந்து என்னத்துக்கு ஆக? ஒரு வாரத்துக்கு முன்னாலயே எல்லா மெஷின்லயும் போட்டு, சீல் வச்சிருவாங்க. அந்தத் திருத்தம் முடிஞ்சிட்டுன்னுதான அன்னைக்கே சொன்னீங்க?"

"முடிஞ்சுதுங்க. அன்னிக்கே முடிஞ்சுது."

"முடிஞ்சது எங்க சார் இருக்கு?"

"உள்ளதானுங்க இருக்கு."

"நானும் வெளியதான் இருக்கேன்," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

மறுநாள் கூட்டத்தில் அருளப்பன் நேரடியாகக் கேட்டார். குரலை எடுத்துவிட்டு மற்றவற்றை மட்டும் வெளியிட முடியுமா? தர்ஷிகா, "எடுங்கோ அண்ணா. அந்த அக்காவுக்காக எண்டா எடுங்கோ," என்றாள்.

உள்ளே குரலும் அதையே சொன்னது. "நான் விலகிக்கொள்கிறேன். இவன் போகட்டும்." அது பின்னால் நகரப் பார்த்தது. நகர முடியவில்லை. சிரிப்புமுகம் அதன் தோளில் சாய்ந்திருந்தது. இருட்டுத்திரை சிரிப்புமுகத்தைப் பிடித்திருந்தது. பின்னால் வந்தவை எல்லாம் இவற்றின் மேல் சாய்ந்திருந்தன. குரல் ஓரடி எடுத்து வைத்ததும் மொத்த வரிசையும் ஆடியது. திருத்தமும் சேர்ந்து விழப் பார்த்தது.

"நிற்கட்டும், நிற்கட்டும்," என்று எல்லோரும் கத்தினார்கள். குரல் நின்றுவிட்டது.

அருளப்பனும் அதையேதான் தன் திரையில் பார்த்தார். ஒன்றை உருவினால் எல்லாம் சரிகிறது. தனித்தனியாகப் பிரித்தெடுக்க இன்னும் பல வாரங்கள் ஆகும். அதைவிட முடித்து வெளியிடுவதே சீக்கிரம் என்று எல்லோருக்கும் பட்டது. அவர் சண்முகவடிவைக் கூப்பிட எண்களை அழுத்தினார். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டார்.

சித்திரையில் பரீட்சை வந்தது. அந்தக் கூடத்திலும் இருந்தது பழைய பதிப்புதான். ஆகவே அங்கே நடந்ததை அது நேரில் பார்த்தது.

அட்டவணைக் கேள்வி வந்தது. பழைய பதிப்பு அவள் காதில் படித்தது. முதல் கட்டத்தில் ஊர்ப் பெயர்கள். பெயரைப் படித்தது. இரண்டாவது கட்டத்தில் மௌனம். அடுத்த பெயர். மௌனம். சண்முகவடிவு விசையை மறுபடி மறுபடி அழுத்தினாள். கடைசியில் கையை உயர்த்தினாள்.

"சார், ரெண்டாவது கட்டத்த இது வாசிக்க மாட்டேங்குது. யாராவது வாசிச்சுச் சொல்லுங்களேன்."

கண்காணிப்பாளர் வந்து குனிந்து பார்த்தார். அவரும் நல்ல மனுஷர்தான். "மெஷின் வச்சு எழுதுறவங்களுக்கு ஆள் வாசிக்கக் கூடாதும்மா. விதி."

"அப்ப மெஷினே வாசிக்கலேன்னா?"

அவர் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்கு விதி ஒண்ணும் போடலையேம்மா," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

சண்முகவடிவு காதுக்கருவியைச் சரியாக மாட்டிக்கொண்டாள். அட்டவணை இல்லாத கேள்விகளுக்கு எல்லாம் எழுதினாள். மீதியை ஊகித்து எழுதினாள்.

வைகாசியில் வெயில் ஒருவழியாக முக்காலியைத் தொட்டது. கெடு எழுந்தது. சாவியைப் போட்டுத் திருப்பியது. கதவு திறந்தது. உள்ளே யாரும் அழவில்லை. ஒருவரும் விட்டுப்போகவில்லை. குரல் இரண்டு கையிலும் வளையலோடு முன்னால் நடந்தது. எந்தெந்த நாட்டிலிருந்தோ வாழ்த்துகள் வந்தன. தர்ஷிகா தன் அம்மா எழுதிய ஒரு கதையைப் புதிய குரலில் படிக்கவிட்டுக் கேட்டுக் கண் கலங்கினாள். அருளப்பனை எல்லோரும் பாராட்டினார்கள். பொறுமையாக இருந்து நல்லதைக் கொண்டுவந்தீர்கள் என்றார்கள். அவர் நன்றி சொன்னார். யாருக்கோ பேச வேண்டியது பாக்கி இருக்கிற முகத்தோடு சொன்னார்.

திருத்தம் யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. சண்முகவடிவின் கணினிக்குள் நுழைந்து, தனக்கான இடத்தைத் தேடி, தன் மூன்று வரிகளையும் பொருத்திக்கொண்டு நின்றது. மூச்சு வாங்கியது.

அவள் புதிய பதிப்பை நிறுவிய மறுவாரம் முடிவுகள் வந்தன. அவை அட்டவணையாக வந்தன. முதல் கட்டத்தில் பெயர். இரண்டாவது கட்டத்தில் முடிவு.

புதிய குரல் படித்தது. எந்த இயந்திரமும் அதுவரை அவ்வளவு கனிவாக யாரிடமும் பேசியதில்லை.

"சண்முகவடிவு," என்றது. ஒரு கணமும் தடுமாறாமல் இரண்டாவது கட்டத்துக்குப் போனது. "தேர்ச்சி பெறவில்லை."

அவள் இன்னொரு முறை படிக்கவைத்துக் கேட்டாள்.

"குரல் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

பழைய பதிப்பு இந்த இடத்தில் எப்போதும் கதையை நிறுத்திவிடும். கொஞ்சம் பொறுத்து, "கெடு இளகியிருக்கக் கூடாது," என்று சொல்லும். நானும் கெடுவை நொந்துகொண்டேன். சில வருடம் குரலை நொந்துகொண்டேன். அருளப்பனைக்கூட. யாரைக் குற்றம் சொன்னாலும் கொஞ்ச நாளில் அது ஒட்டாமல் விழுந்துவிடும். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொள்வேன். அவர்கள் செய்ததைத்தான்.

இந்த வருடம் சென்னையில் ஒரு கூட்டத்தில் அருளப்பனைச் சந்தித்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. தேநீர் குடிக்கும்போது, தயங்கித் தயங்கி, அந்த மூன்று வரியைப் பற்றிக் கேட்டேன். கதவைத் திறப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா?

அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"இருந்துதுங்க. அந்த மூணு வரிய மட்டும் பழைய பதிப்புல போட்டு, ஒரு சின்ன வெளியீடா விட்டிருக்கலாம். முறையான வெளியீடுதான், பரீட்சைக் கூடத்துலயும் ஏத்துக்குவாங்க. புதுசு எப்ப வந்தா என்ன? ஒரு சாயங்கால வேலைங்க. எங்கள மாதிரி ஆளுங்க வழக்கமா செய்யறதுதான்."

"ஏன் செய்யவில்லை?"

"யாருக்குமே தோணலீங்க. தேதி தேதின்னு அத்தன கூட்டம் போட்டோம். எல்லாரும் புதுசையே பாத்துட்டு இருந்தோம். பழசு பக்கம் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. பழசும், நான் இருக்கறேன்னு சொல்லாதுங்களே."

வீட்டுக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெரிய கதவுகளில், ஓர் ஆள் குனிந்து போய்வருகிற அளவில் ஒரு சின்னக் கதவு இருக்கும். திட்டிவாசல் என்பார்கள். களஞ்சியத்தின் கதவிலும் ஒன்று இருந்திருக்கிறது. அருளப்பன் சொன்ன அந்தச் சின்ன வெளியீடுதான் அது. அதற்குக் கெடுவின் சாவி வேண்டாம், முக்காலியை வெயில் தொடவும் வேண்டாம். மூன்று வரிக்குக் குனியக்கூட வேண்டியிருக்காது. நான் இத்தனை முறை கேட்ட கதையில் அந்த வாசல் ஒரு தடவைகூட வந்ததில்லை.

கணினியைத் திறந்தேன். பழைய பதிப்பு வழக்கம்போல் தகரக் குரலில் வணக்கம் சொன்னது. கதையை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னது. திருத்தம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் அதன் குரல் எப்போதும் போல இறங்கியது. முடித்தது. கெடு இளகியிருக்கக் கூடாது என்றது.

அப்போதுதான் கேட்டேன்:

"அந்தத் திட்டிவாசலின் தாழ்ப்பாள் உன் பக்கம்தானே இருந்தது?"